செனட்டர் பட்ஜெட்டில் என்ன பேசுகிறார்? மலேசிய மேலவை விவாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் தாக்கலாகும் அந்த அக்டோபர் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாட்டில் பாதிப் பேர் தொலைக்காட்சி முன்னால் இருப்பார்கள். உதவித் தொகை எவ்வளவு, பெட்ரோல் விலை என்ன ஆகும், இந்திய சமுதாய மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவுக்கு எவ்வளவு என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அதே பட்ஜெட் டிசம்பரில் மேலவைக்குப் போகும்போது ஈ காக்கை எட்டிப் பார்க்காது. நான் பார்ப்பேன். மேலவையின் ஹன்சார்டை, அதாவது அவைப் பேச்சுகளின் பதிவை, படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதைத் தெரிந்துகொண்ட நண்பர்கள் அவ்வப்போது கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேலவையில் எத்தனை பேர்? அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

டேவான் நெகாரா எனப்படும் மேலவையில் 70 இடங்கள். 13 மாநிலச் சட்டமன்றங்களும் ஆளுக்கு இருவரை அனுப்புகின்றன, அது 26. மீதி 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். அதில் கோலாலம்பூருக்கு இருவர், லாபுவானுக்கும் புத்ராஜெயாவுக்கும் தலா ஒருவர். ஆகக் கூட்டிக் கழித்தால், நேரடி நியமனம் மட்டும் 40.

1957ல் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அப்போது 11 மாநிலங்கள். மாநிலங்கள் அனுப்பியவர்கள் 22 பேர், நியமனம் பெற்றவர்கள் 16 பேர்தான். மாநிலங்களின் குரலாக இருக்கட்டும் என்று கட்டிய அவை, நியமன உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருக்கும் அவையாகிவிட்டது. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு இடம் தருகிறது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

ஒரு தவணை மூன்று ஆண்டு. தொடர்ந்தோ விட்டுவிட்டோ மொத்தம் இரண்டு தவணைக்கு மேல் யாரும் இருக்க முடியாது. வயது 30 ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்று ஆண்டைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். மூன்று ஆண்டு என்றால் பொதுவாக மூன்று பட்ஜெட். ஒரு செனட்டரை எடைபோட அதுதான் நான் வைத்திருக்கும் படிக்கல்.

செனட்டரால் பட்ஜெட்டைத் தடுக்க முடியுமா?

முடியாது. ஒரு காசுகூட வெட்டவும் முடியாது, கூட்டவும் முடியாது.

விவரம் வேண்டும் என்றால்: வரி, செலவு சம்பந்தப்பட்ட மசோதாவை அமைச்சர்தான் கொண்டுவர முடியும், அதுவும் மக்களவையில்தான் தொடங்க வேண்டும். இது 67ஆவது பிரிவு. மக்களவை நிறைவேற்றிய பண மசோதா, கூட்டத்தொடர் முடிய ஒரு மாதமாவது இருக்கும்போது மேலவைக்கு வந்து, ஒரு மாதத்துக்குள் மேலவை அதைத் திருத்தமில்லாமல் நிறைவேற்றாவிட்டால், அது நேரே மாமன்னரின் ஒப்புதலுக்குப் போய்விடும். இது 68ஆவது பிரிவு. எது பண மசோதா என்று சான்று கொடுப்பவர் மக்களவைச் சபாநாயகர். அந்தச் சான்றோடு விஷயம் முடிந்தது.

எனவே, யாராவது ஒரு செனட்டர் "பட்ஜெட்டில் இதை நான் வாங்கிக் கொடுத்தேன்" என்று மேடையில் சொன்னால் மெதுவாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் அமைச்சராக இருந்தால் கதை வேறு.

அப்படியானால் எதற்குப் பேச வேண்டும்?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். கேட்பவர் குரலில் ஒரு சலிப்பும் இருக்கும்.

ஓட்டு எண்ணிக்கையில் மேலவைக்குப் பலமில்லை, சரி. ஆனால் அவையில் கேட்ட கேள்விக்கு அமைச்சரோ துணையமைச்சரோ எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியும் பதிலும் ஹன்சார்டில் ஏறும். அது அதிகாரபூர்வப் பதிவு. தொலைபேசியில் ஓர் அதிகாரி சொன்னதையும், சந்திப்பில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டதையும் அடுத்த மாதமே மறுத்துவிடலாம். ஹன்சார்டில் இருப்பதை அப்படி மறுக்க முடியாது. ஒரு செனட்டரின் பட்ஜெட் பங்களிப்பு என்பது என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: அரசாங்கத்தின் வாயிலிருந்து ஓர் எண்ணையோ ஒரு தேதியையோ வரவழைத்துப் பதிவில் ஏற்றுவது. அப்புறம் அடுத்த ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பிவந்து "சொன்னீர்களே, என்ன ஆயிற்று?" என்று கேட்பது.

முதல் பாதியைப் பலர் செய்கிறார்கள். இரண்டாம் பாதியைச் செய்கிறவர்கள் குறைவு.

மேலவைக்கு வந்தபின் பட்ஜெட் எப்படி நகர்கிறது?

அக்டோபரில் தாக்கல், நவம்பர் முழுக்க மக்களவையில் கொள்கை அளவிலான விவாதம், பிறகு ஒவ்வோர் அமைச்சாகக் குழு நிலையில் அலசல். அது முடிந்து, பட்ஜெட்டின் சட்ட வடிவமான வழங்கல் மசோதா டிசம்பரில் மேலவைக்கு வரும். வாசிப்புகள், விவாதம், அமைச்சர்களின் நிறைவுப் பதில், ஒப்புதல் எல்லாம் சில நாட்களில் முடிந்துவிடும். மக்களவையில் வாரக்கணக்கில் பேசியதை இங்கே ஆளுக்குச் சில நிமிடங்களில் பேச வேண்டும். நேரம் தாண்டினால் ஒலிபெருக்கி நின்றுவிடும். ஹன்சார்டில் அடைப்புக்குறிக்குள் "ஒலிபெருக்கி அணைக்கப்பட்டது" என்று மலாயில் ஒரு குறிப்பு வரும். முக்கியமான விஷயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டவர்களின் பேச்சு பெரும்பாலும் அந்தக் குறிப்போடுதான் முடியும். பார்த்தால் பாவமாக இருக்கும்.

மேலவை எப்போதாவது அரசாங்கத்துக்கு "முடியாது" என்று சொல்லியிருக்கிறதா?

2018ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதம் ஆட்சி மாறியது. ஆனால் மேலவையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்சிக் காலத்தில் வந்தவர்கள். பழைய ஆளுங்கூட்டணியான பாரிசான் கையில் மேலவை, புதிதாக ஆட்சிக்கு வந்த பக்காத்தான் கூட்டணியின் கையில் மக்களவை. அப்போது மேலவைத் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ.விக்னேஸ்வரன்.

ஆகஸ்டில் பொருள் சேவை வரியை நீக்கி விற்பனை, சேவை வரியைக் கொண்டுவரும் மசோதாக்கள் மேலவைக்கு வந்தன. பொருள் சேவை வரியைக் கொண்டுவந்ததே பாரிசான் அரசாங்கம்தான். இருந்தும் மசோதாக்கள் நிறைவேறின. புதிய வரி செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்துசெய்யும் மசோதா வந்தது. இதை மேலவை தோற்கடித்தது: எதிராக 28, ஆதரவாக 21. மக்களவை அதை 2019 அக்டோபரில் மறுபடியும் நிறைவேற்றி அனுப்ப, டிசம்பரில்தான் மேலவை சம்மதித்தது.

ஒரே அவை, ஒரே ஆட்கள், இடையில் சில வாரங்கள்தான். வரி விஷயத்தில் எதிர்த்திருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் இழுத்திருக்க முடியாது. சாதாரண மசோதா என்றால் ஓராண்டுக்கு மேல் இழுத்தடிக்கலாம், இழுத்தடித்தும் காட்டினார்கள். மேலவையின் பலம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை அந்த ஆண்டு விளக்கிய மாதிரி எந்தப் பாடப்புத்தகமும் விளக்காது.

நிதியமைச்சரே செனட்டராக இருக்கலாமா?

இருந்திருக்கிறார். பிரதமர் மட்டும்தான் மக்களவை உறுப்பினராக இருக்க வேண்டும். மற்ற அமைச்சர்கள் எந்த அவையிலிருந்தும் வரலாம். 2020 மார்ச்சில் வங்கித் துறையிலிருந்து வந்த தெங்கு ஸஃப்ருல் அஸிஸ் செனட்டராகி நிதியமைச்சரானார். 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கான பட்ஜெட்டுகளையும் தாக்கல் செய்தவர் அவர்தான்.

செனட்டர் எப்படி மக்களவையில் நின்று பட்ஜெட் வாசிக்கிறார் என்று கேட்கலாம். அமைச்சரவை உறுப்பினர் எந்த அவை நடவடிக்கையிலும் பங்கெடுக்கலாம் என்கிறது 61ஆவது பிரிவு. பேசலாம், ஓட்டுப் போட மட்டும் முடியாது. 2020 டிசம்பர் 15ஆம் தேதி அந்த 2021 பட்ஜெட் மக்களவையில் 111க்கு 108 என்று மூச்சுமுட்டத் தப்பித்தது. மூன்றே ஓட்டு வித்தியாசம். அந்தப் பட்ஜெட்டைத் தயாரித்துத் தாக்கல் செய்த மனிதருக்கு அன்று அந்த அவையில் ஓட்டு கிடையாது! எனக்கு மிகவும் பிடித்த நாடாளுமன்றக் காட்சிகளில் ஒன்று இது.

நம்மவர்களில் பி.வேதமூர்த்தி 2013ல் செனட்டராகித் துணையமைச்சரானார். 2018ல் அதே வழியில் அமைச்சரானார். அதற்கு வெகுகாலம் முன்பே ஆதி நாகப்பன் செனட்டராக இருந்து அமைச்சராகவும் ஆனவர். அவர் மனைவி ஜானகி ஆதி நாகப்பனும் மேலவையில் இருந்திருக்கிறார். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கியவர், மலேசிய இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

நல்ல பட்ஜெட் பேச்சு எப்படி இருக்கும்?

இரண்டு பேச்சுகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டும் நான் எழுதுபவை, யாருடையதும் அல்ல. ஆனால் ஹன்சார்டு படிக்கிறவர்களுக்கு இரண்டின் முகமும் பழக்கமாகத்தான் இருக்கும்.

முதல் செனட்டர் எழுகிறார். ஒரு பந்துன், அதாவது நாலடி மலாய்ப் பாட்டு, சொல்கிறார். மேசை தட்டுகிறார்கள். பிரதமருக்கு நன்றி, நிதியமைச்சுக்கு நன்றி. இந்திய சமுதாயத்துக்கான ஒதுக்கீடு போதாது என்கிறார், ஐந்து மடங்காக்க வேண்டும் என்கிறார். தமிழ்ப்பள்ளிகள் நம் கண்கள் என்கிறார். இன்னொரு பந்துனோடு உட்காருகிறார். மறுநாள் நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. அமைச்சரின் பதிலில் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: அமைச்சு "அம்பில் மக்லும்", அதாவது கவனத்தில் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு மலாய்ச் சொற்களுக்கு அடியில் புதைந்துபோன கோரிக்கைகளை எண்ணி மாளாது.

இரண்டாமவர் கையில் நிதியமைச்சு வெளியிடும் மதிப்பீட்டுப் புத்தகம் இருக்கிறது. தலையணை கனத்தில் இருக்கும். நிர்வாகச் செலவுக்கு பி (B) என்ற எழுத்து, மேம்பாட்டுச் செலவுக்கு மலாயின் பெம்பாங்குனானைக் குறிக்கும் இன்னொரு எழுத்து (P), அதன் பிறகு அமைச்சின் எண், அதற்குள் திட்டங்களின் எண். அவர் கல்வி அமைச்சின் பக்கத்தைத் திறக்கிறார். பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி மட்டும் கேட்கிறார். இந்த வரியில் இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? செப்டம்பர் வரை எவ்வளவு செலவானது? எத்தனை பள்ளிகளுக்கு? பள்ளி நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் நின்றுபோன பழுதுபார்ப்புகள் எத்தனை? அந்தப் பெயர்ப் பட்டியலை அவைக்குத் தருவீர்களா? ஐந்து கேள்வி, நாலு நிமிடம், பந்துன் கிடையாது. நாளிதழில் செய்தியும் வராமல் போகலாம்.

ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அமைச்சு அதிகாரிகளைக் கவனியுங்கள். முதல் பேச்சின்போது சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள், இரண்டாவது பேச்சின்போது குனிந்து எழுத ஆரம்பிப்பார்கள். அந்த எண்களை யாராவது தேடி எடுத்தாக வேண்டுமே. எண் கிடைத்தால் பதிவில் ஏறும். கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்பதும் பதிவில் ஏறும்.

முதல் பேச்சு தப்பு என்று நான் சொல்லவில்லை. நன்றி சொல்வதும் ஒரு மரியாதைதான். ஆனால் மூன்று ஆண்டுக்கு மூன்றே பட்ஜெட் கிடைக்கும் ஒருவர், அதில் ஒன்றைப் பந்துனுக்குக் கொடுப்பது கொஞ்சம் ஆடம்பரமாகப் படுகிறது.

மித்ரா ஒதுக்கீட்டைப் பற்றி எல்லாச் செனட்டர்களும் பேசுகிறார்களே, அது போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு பட்ஜெட் 39,380 கோடி வெள்ளி. (அவையில் பில்லியன், மில்லியன் என்று பேசுவது நம் நாளிதழ்களில் கோடியாகிவிடும், 39,380 கோடி என்றால் 393.8 பில்லியன்.) இதில் நிர்வாகச் செலவு 30,380 கோடி, மேம்பாட்டுச் செலவு 9,000 கோடி. மித்ராவுக்கு 10 கோடி. மொத்தப் பட்ஜெட்டை ஆயிரம் வெள்ளிச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், மித்ரா என்பது அதில் 25 காசு.

இந்த 25 காசுக் கணக்கைக் கேட்டுக் கோபப்படுவது சுலபம். நானும் ஒருகாலத்தில் கோபப்பட்டவன்தான். பிறகுதான் புரிந்தது, மீதி 999 வெள்ளி 75 காசிலும் நமக்குப் பங்கு இருக்கிறது. கிளினிக், பள்ளி, ஆசிரியர் சம்பளம், மலிவு விலை வீடு, சமூகநலத் துறை உதவி எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. நம் செனட்டர்கள் எல்லாரும் அந்த 25 காசைச் சுற்றியே நின்று பேசினால், பெரிய பானையை யார் எட்டிப் பார்ப்பது? சுகாதார அமைச்சின் ஒதுக்கீட்டில் தோட்டப்புறக் கிளினிக்குகள் எத்தனை என்று கேட்பதும் இந்திய சமுதாயப் பிரச்சினைதான். அந்தக் கேள்வியில் "இந்தியர்" என்ற சொல் வராது, அதனால் கைதட்டலும் வராது.

மித்ராவில் கேட்க வேண்டியதும் வேறு. செடிக் என்ற பழைய பிரிவு 2018ல் மித்ரா ஆனது. அதற்குப் பிறகு பிரதமர் துறைக்கும் ஒற்றுமைத் துறை அமைச்சுக்கும் இடையே அது மாறி மாறிக் குடிபோனது. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் சாமான் கொஞ்சம் தொலையும் இல்லையா? எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு செலவானது, எந்த மாதத்தில் செலவானது, செலவாகாத பணம் எங்கே போனது என்பவை கூர்மையான கேள்விகள்.

மாநிலம் அனுப்பிய செனட்டருக்கும் நியமன செனட்டருக்கும் பேச்சில் வித்தியாசம் இருக்குமா?

சட்டப்படி இல்லை, இருவருக்கும் ஒரே உரிமை. பழக்கத்தில் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்குத் தரும் மானியங்கள் அரசியலமைப்பின் 109ஆவது பிரிவிலும் பத்தாவது அட்டவணையிலும் இருக்கின்றன. ஒன்று மாநிலத்தின் மக்கள்தொகையைக் கணக்கிட்டுத் தருவது, இன்னொன்று மாநிலச் சாலைகளுக்காகத் தருவது. ஒரு சிறிய மாநிலத்துக்கு இந்த இரண்டும் உயிர்நாடி. சபாவிலிருந்து வந்தவர் எழுந்தால் அந்த மாநிலத்தின் 40 விழுக்காட்டு வருவாய் உரிமை வராமல் இருக்காது. மாநிலம் அனுப்பிய செனட்டர் பட்ஜெட் விவாதத்தில் தன் மாநில மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால், அவர் வந்த வழியையே மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பேன்.

நியமனம் பெற்றவர்களுக்கு வேறு அளவுகோல். பொதுச்சேவை, தொழில், வணிகம், விவசாயம், பண்பாடு, சமூகநலம் இவற்றில் சிறந்தவர்களையும், சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகளையும், பூர்வகுடியினரின் நலனைப் பேசக்கூடியவர்களையும் நியமிக்கலாம் என்கிறது சட்டம். ஒரு மருத்துவர் செனட்டராக வந்தால் சுகாதார ஒதுக்கீட்டில் நமக்குத் தெரியாத ஓட்டையை அவர் காட்ட வேண்டும். நடைமுறையில் கட்சிக்காரர்களுக்கே அதிக இடம் போகிறது என்பது ஊரறிந்த விஷயம்.

பட்ஜெட் தவிர தேசியக் கொள்கையில் அவர்களுக்கு என்ன வேலை?

ஆண்டுத் தொடக்கத்தில் மாமன்னரின் உரைமீது விவாதம் நடக்கும். வானத்துக்குக் கீழே உள்ள எதையும் அதில் பேசலாம். பலர் பேசியும் விடுகிறார்கள். ஐந்தாண்டுத் திட்டங்கள் இன்னொரு வாய்ப்பு. 2026 முதல் 2030 வரைக்குமான 13ஆவது மலேசியத் திட்டம் 2025 ஜூலை 31ஆம் தேதி தாக்கலானது. ஐந்தாண்டுத் திட்டத்தில் எழுதியிருப்பதற்கும் அந்தந்த ஆண்டு பட்ஜெட்டில் காசு போட்டிருப்பதற்கும் பொருத்தம் பார்ப்பது செனட்டர்களுக்கென்றே அமைந்த வேலை மாதிரி எனக்குத் தோன்றும். தொகுதி இல்லை, சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் ஓட வேண்டியதில்லை. உட்கார்ந்து படிக்க நேரம் இருக்கிற ஒரே அரசியல்வாதி அவர்தான்.

2023ல் வந்த பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டமும் அவர்களுக்கு ஒரு நல்ல ஆயுதம். பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் வர வேண்டும், கடன் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அது குறி வைக்கிறது. முன்பெல்லாம் "கடன் அதிகமாகிறதே" என்று பொத்தாம்பொதுவாகப் புலம்பத்தான் முடிந்தது. இப்போது சட்டத்தில் உள்ள எண்ணைக் காட்டி, எந்த ஆண்டுக்குள் என்று கேட்கலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பொதுக் கணக்குக் குழுவில் மக்களவை உறுப்பினர்கள் மட்டும்தான். செலவான பணத்தைத் தோண்டிப் பார்க்கும் அந்த மேசையில் செனட்டர்களுக்கு நாற்காலி இல்லை.

ஆளுங்கட்சி செனட்டர் கேள்வி கேட்பாரா? கேட்டால் சிக்கல் வராதா?

கேட்கிறவர்கள் உண்டு. ஆதரித்து ஓட்டுப் போட்டுக்கொண்டே குடைச்சலான கேள்வி கேட்பது ஒரு கலை. "பட்ஜெட்டை வரவேற்கிறேன், ஆனாலும் அமைச்சு ஒரு விளக்கம் தர வேண்டும்" என்று தொடங்கும் பேச்சுகளை நான் இரண்டு தடவை படிப்பேன். எதிர்க்கட்சிக்காரரின் கேள்வியை "அரசியல்" என்று ஒதுக்கிவிடலாம். தன் பக்கத்து ஆளே கேட்டால் அமைச்சரால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

மறுநியமனம் வேண்டுமே என்ற பயம் முதல் தவணையில் இருக்கும். இரண்டாவது தவணையில் அந்தப் பயம் போய்விட வேண்டும், அதற்குமேல் நீட்டிப்பே கிடையாதே. ஆனால் அடுத்து தேர்தலில் நிற்கும் ஆசை இருந்தால் பயம் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

மேலவையில் தமிழில் பேசலாமா?

மலாயில்தான் பேச வேண்டும். அவைத் தலைவரின் அனுமதியோடு ஆங்கிலமும் கலக்கலாம். அதற்காகவே "டெங்ஙான் இஸின்", அதாவது "அனுமதியோடு", என்று ஒரு வழக்கு. ஓர் ஆங்கிலச் சொல் வாயில் வந்தாலே அதோடு இதையும் ஒட்டிவிடுவார்கள். பழகிய செனட்டர்கள் மூச்சு விடுவதுபோல் சொல்வார்கள். ஒரு தமிழ் மேற்கோளைச் சொல்லி மலாயில் பொருள் சொன்னால் யாரும் தடுக்கப் போவதில்லை.

அவையில் சொன்னதற்காக வழக்குப் போட முடியுமா?

பொதுவாக முடியாது, 63ஆவது பிரிவு பாதுகாக்கிறது. தேச நிந்தனைச் சட்டம் மட்டும் விதிவிலக்கு; அந்தச் சட்டத்தின் கீழ் அவைப் பேச்சுக்கும் வழக்கு வரலாம். அதே பேச்சை வெளியே வந்து செய்தியாளர்களிடம் சொன்னால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. சில செனட்டர்கள் உள்ளே சிங்கமாகவும் வெளியே பூனையாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

நாடாளுமன்றம் கலைந்தால் செனட்டர் என்ன ஆவார்?

ஒன்றும் ஆகாது. கலைவது மக்களவைதான். 2022 அக்டோபர் 7ஆம் தேதி 2023க்கான பட்ஜெட் தாக்கலாயிற்று. மூன்றே நாளில், 10ஆம் தேதி, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. பட்ஜெட் காலாவதியானது. செனட்டர்கள் பதவியில் தொடர்ந்தார்கள், விவாதிக்கத்தான் பட்ஜெட் இல்லை. தேர்தலுக்குப் பிறகு வந்த அரசாங்கம் சம்பளமும் சேவைகளும் நின்றுபோகாமல் இருக்க டிசம்பரில் சுமார் 10,770 கோடி வெள்ளிக்கு ஓர் இடைக்கால ஒப்புதல் வாங்கியது. பிறகு 2023 பிப்ரவரி 24ஆம் தேதி 38,810 கோடியில் புதிய பட்ஜெட் வந்தது.

எங்கள் ஊர்ப் பிரச்சினையை ஒரு செனட்டர் மூலம் எழுப்ப முடியுமா?

முடியும், அவருக்குத் தொகுதி இல்லாததால் எந்த ஊர்க்காரரும் அணுகலாம். ஆனால் போகும்போது கண்ணீரோடு போகாதீர்கள், காகிதத்தோடு போங்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக் கூரைப் பிரச்சினைக்காக நாலு பேர் சேர்ந்து ஒரு செனட்டரைப் பார்க்கப் போனோம். முக்கால் மணி நேரம் பேசினோம், அவரும் உருகினார். கடைசியில் "சரி, அமைச்சிடம் நான் சரியாக எதைக் கேட்க வேண்டும்?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விண்ணப்பித்த தேதி தெரியாது, கடித எண் தெரியாது, எந்த ஒதுக்கீட்டில் கேட்டோம் என்பதும் தெரியாது.

அன்றிலிருந்து என் ஆலோசனை இதுதான்: ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த அமைச்சு, எந்தத் தேதியில் விண்ணப்பம், என்ன பதில் வந்தது, என்ன கேட்க வேண்டும். கடைசி வரி கேள்விக்குறியோடு முடியட்டும். செனட்டர் அதை அப்படியே எடுத்து வாசிக்கும்படி மலாயில் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், டிசம்பர் கூட்டத்துக்கு நவம்பர் கடைசியில் போய் நிற்காதீர்கள். வாய்மொழிக் கேள்விக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

ஒரு செனட்டர் உண்மையில் என்ன பேசினார் என்று எங்கே பார்ப்பது?

நாடாளுமன்ற இணையதளத்தில் மேலவைக்கென்று தனியாக ஹன்சார்டு இருக்கிறது. மலாயில் பென்யாத்தா ரஸ்மி என்பார்கள். டிசம்பர் மாதக் கோப்புகளைத் திறந்து பெயரைப் போட்டுத் தேடுங்கள். பேச்சைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள், அமைச்சர் பதில் சொல்லும் நாளின் கோப்பையும் திறந்து அதே பெயரைத் தேடுங்கள். பெயரே வரவில்லை என்றால் அமைச்சர் பதில் சொல்லாமல் நழுவியிருக்கிறார். அப்போது அந்தச் செனட்டர் எழுந்து விளக்கம் கேட்டாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் "எழுகிறார்" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருக்கும்.

சில சமயம் அமைச்சர் "இதற்கு எழுத்துமூலம் பதில் தருகிறேன்" என்று சொல்லி முடித்திருப்பார். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த டிசம்பர்க் கோப்பில் அதே பெயரை மறுபடியும் தேடுங்கள்.